சாம்பலான சரீரம் எழும்புமா?

(வேதபாடம். வாசிக்க வேண்டிய பகுதி: 1 கொரிந்தியர் 15-ம் அதிகாரம் முழுவதும்)



ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் நாம் எல்லாரும் கைதட்டிப் பாடுகிறோம். மறுநாள் காலையில் ஃபேக்டரி வண்டி ஏறினதும், பக்கத்து சீட்டில் இருக்கிறவர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் வாயடைத்துப் போகிறோம். அதனால்தான் இந்த மாதப் பாடத்திற்கு உயிர்த்தெழுதலை எடுத்திருக்கிறேன்.

நம்முடைய பகுதியில் இதைப் பற்றிக் கேட்கிறவர்கள் இரண்டு வகை. ஒருவர் டீக்கடையில் இருந்து கேட்கிறார். "செத்தவன் எங்கய்யா எந்திரிச்சான்? ஒருத்தனக் காட்டு, நானும் ஒன் கோயிலுக்கு வாரேன்" என்கிறார். இன்னொருவர் வெடி விபத்தில் புருஷனையோ மகளையோ பறிகொடுத்த வீட்டுத் திண்ணையில் இருந்து கேட்கிறார். டீக்கடைக்காரருக்கு நாம் சத்தம் போட்டுப் பதில் சொல்கிறோம். திண்ணையில் இருக்கிறவருக்கு ஒரு வசனத்தைச் சொல்லி, ஜெபித்து, சீக்கிரமாய் எழுந்து வந்துவிடுகிறோம். ஆனால் இரண்டு பேரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். அன்றைக்கு அது நடந்ததா? இனிமேல் எங்களுக்கும் நடக்குமா? முதலில் நடந்ததா என்று பார்ப்போம்.

கேட்கிறவரை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

விருதுநகர்க்காரர்களுக்கு நாத்திகம் புதுசு கிடையாது. சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாநாடு 1929-ல் செங்கல்பட்டில் நடந்தது, இரண்டாவது 1930-ல் ஈரோட்டில், மூன்றாவது 1931-ல் நம்ம விருதுநகரில். இங்கே அது வேர் பிடித்ததற்குக் காரணம் உண்டு. கோயில் வாசலில் "நீ உள்ளே வராதே" என்று நிறுத்தப்பட்ட ஜனங்கள் இந்த ஊர்களில் வாழ்ந்தார்கள். அந்த உரிமைக்காக எழுந்த பகைதான் 1899-ல் சிவகாசியில் பெரிய கலவரமாக வெடித்தது. அப்படி அவமானப்பட்டவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கடவுளைக் கேள்வி கேட்டார்கள் என்றால், நமக்கு அவர்கள்மேல் கோபம் வரக்கூடாது. நம்முடைய ஆட்களே சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எக்காளம் தொனிக்கும்போது எந்த வரிசை முதலில் எழும்பும் என்று அவர்கள் நம்மைக் கேலி செய்தால், நாம் தலைகுனிந்து கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

இங்கிலாந்து தேசத்துத் தத்துவ ஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1927-ல் லண்டனில் தான் ஏன் கிறிஸ்தவன் அல்ல என்று ஒரு சொற்பொழிவு செய்தார். பெரியாருடைய இயக்கத்தார் அதைத் தமிழில் சிறு புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருவில் அதைப் படித்த பெரியவர்கள் இருந்தார்கள். நானும் வாசித்திருக்கிறேன். கடவுள் உண்டு என்பதற்குச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கிறார், நரகத்தைப் பற்றி இயேசு பேசியதைக் குறை சொல்லுகிறார், அத்திமரத்தைச் சபித்ததையும் பன்றிக் கூட்டம் கடலில் விழுந்ததையும் கேட்கிறார், சபைகளின் கொடுமையைச் சொல்லுகிறார். ஆனால் கல்லறை ஏன் காலியாயிற்று, சீஷர்கள் எதைக் கண்டார்கள் என்கிற சாட்சியத்துக்குள் அவர் இறங்கவே இல்லை. சரித்திரப்படி இயேசு இருந்தாரா என்பதே சந்தேகம்தான் என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார். இன்றைக்கு விசுவாசமில்லாத சரித்திர ஆசிரியர்களில்கூட அநேகமாக எல்லாரும், இயேசு என்று ஒருவர் வாழ்ந்தார், பொந்தியு பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் கொல்லப்பட்டார் என்பதை ஒத்துக்கொள்ளுகிறார்கள். கி.பி. 116 வாக்கில் எழுதிய ரோம சரித்திர ஆசிரியர் தாசிட்டஸ் கிறிஸ்தவர்களை வெறுத்தவர். அவரும் அதைக் குறித்து வைத்திருக்கிறார். (உயிர்த்தெழுதலை அவர் சொல்லவில்லை. சொன்னார் என்று யாராவது உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்தால் நம்பாதேயுங்கள்.)

பவுல் தானே பந்தயம் கட்டுகிறார்

"நீ நம்பு, கேள்வி கேட்காதே" என்று சொல்லுகிற வழக்கம் நம்மிடத்தில் இருக்கிறது. வேதத்தில் அது இல்லை. 1 கொரிந்தியர் 15:14 முதல் 19 வரை வாசியுங்கள். கிறிஸ்து எழும்பாதிருந்தால் என்ன ஆகும் என்று அப்போஸ்தலன் தானே ஒவ்வொன்றாக எண்ணுகிறான். எங்கள் பிரசங்கத்தில் சரக்கு இல்லை, உங்கள் விசுவாசத்திலும் ஒன்றும் இல்லை, நாங்கள் தேவனையே பொய்க்குச் சாட்சியாக இழுத்தவர்கள், செத்துப்போன விசுவாசிகள் கெட்டே போனார்கள், எல்லா மனுஷரிலும் நாமே பரிதாபத்துக்குரியவர்கள் என்கிறான். ஈ.வெ.ரா.கூட இவ்வளவு கடினமாய் எழுதியிருக்க மாட்டார்! ஆகையால் டீக்கடையில் கேட்கிற அண்ணாச்சி, பவுல் கேட்காத எதையும் கேட்டுவிடவில்லை.

அத்தேனே பட்டணத்தில் பவுல் பேசினபோது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஞானிகள், மரித்தோர் எழும்புவார்கள் என்றதும் சிரித்தார்கள் (அப். 17:32). கி.பி. 178 வாக்கில் செல்சஸ் என்ற கிரேக்க அறிஞர் இதை எதிர்த்து ஒரு புத்தகமே எழுதினார். எழும்பினவரைக் கண்டதாகச் சொன்னது யார், உணர்ச்சிவசப்பட்ட ஒரு பொம்பளைதானே என்ற பொருளில் ஏளனம் செய்தார். கி.பி. 248 வாக்கில் ஓரிகன் வரிக்கு வரி அதற்குப் பதில் எழுதினார். அந்தப் பதில் புத்தகத்தின் வழியாகத்தான் செல்சஸ் சொன்னவை இன்றைக்கு நமக்குக் கிடைத்திருக்கின்றன. எதிராளியின் கேள்வியை மறைக்காமல் முழுசாக எழுதிவைத்துப் பதில் சொன்னார்கள் முன்னோர்கள்.

ஒரு புரூஃப் ரீடரின் சாட்சி

நான் சிவகாசியில் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையில் இருபத்தாறு வருஷம் இருந்தவன். டைரி, காலண்டர், கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ், பாடப்புத்தகம் எல்லாம் கண்ணில் பட்டிருக்கின்றன. அந்தக் கண்ணோடு சுவிசேஷங்களின் கடைசி அதிகாரங்களை வாசித்தால் ஒன்று உறுத்தும். மத்தேயுவில் கல்லறைக்குப் போனவர்கள் இரண்டு மரியாள்கள். மாற்குவில் மூன்று பேர். லூக்காவில் இன்னும் சிலர். யோவானில் மகதலேனா மரியாளின் பேர் மட்டும். தூதன் ஓரிடத்தில் ஒருவன், ஓரிடத்தில் இருவர். "பாருங்கய்யா, ஒங்க புஸ்தகமே ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரல" என்று நாத்திக சகோதரர் சிரிப்பார்.

எனக்கு அது வேறு விதமாய்த் தெரிகிறது. நாலு பேர் உட்கார்ந்து ஒரு கதையைக் கட்டியிருந்தால், அச்சுக்குப் போகுமுன் எவனாவது ஒருவன் சரிபார்த்து, பேரையும் எண்ணிக்கையையும் ஒன்றாக்கியிருப்பான். நான் செய்திருப்பேன். யாரும் செய்யவில்லை. ஓய்வுநாள் கழிந்த முதல் நாள், கல் புரட்டப்பட்டிருந்தது, உள்ளே சரீரம் இல்லை, முதலில் போனது பெண்கள் என்பதில் மட்டும் நாலு பேரும் ஒன்றாய் நிற்கிறார்கள். ஒரு விபத்தைப் பார்த்த நாலு பேரிடம் போலீஸ்காரர் வாக்குமூலம் வாங்கினால் இப்படித்தான் இருக்கும்.

பெண்கள் என்றேனே, அதைக் கவனியுங்கள். அந்தக் காலத்து யூத வழக்கத்தில் பெண்ணின் சாட்சியை ஏற்கக்கூடாது என்று யோசேப்பஸ் என்ற யூத சரித்திர ஆசிரியரே எழுதியிருக்கிறார். சீஷர்களும் பெண்கள் சொன்னதைப் பிதற்றல் என்று தள்ளினார்கள் (லூக்கா 24:11). பொய்யை ஜோடிக்கிறவன் பேதுருவையோ, மரியாதைக்குரிய அரிமத்தியா யோசேப்பையோ கல்லறை வாசலில் நிறுத்தியிருப்பான். ஊர் நம்பாத சாட்சியை எவன் போய்க் கூட்டிக்கொண்டு வருவான்? பட்டாசுக் கட்டில் நாள் முழுக்கத் திரி சொருகிவிட்டு வீட்டுக்கு வந்து, ஆம்பளைங்க பேசும்போது குறுக்கே பேசாதே என்று அடக்கப்படுகிற சகோதரிகளே, எழும்பின ஆண்டவர் முதல் செய்தியை உங்களைப் போன்றவர்கள் கையில் கொடுத்தார். அல்லேலூயா!

இனி அந்த அதிகாரத்தின் 3 முதல் 8 வரை. பவுல் இந்த நிருபத்தை எபேசுவிலிருந்து கி.பி. 55 வாக்கில் எழுதினான். சிலுவை மரணம் கி.பி. 30 அல்லது 33. இடைவெளி இருபது, இருபத்தைந்து வருஷம். நம்மில் நாற்பது தாண்டினவர்களுக்கு இருபது வருஷத்துக்கு முந்தின முக்கியமான சம்பவம் எதுவும் மறக்கவில்லை அல்லவா? அதிலும் பவுல் புதிதாய் ஒன்றைச் சொல்லவில்லை. தான் பெற்றுக்கொண்டதையே முன்பு கொரிந்துவுக்கு வந்தபோது ஒப்படைத்தேன் என்கிறான். மனம் திரும்பி மூன்று வருஷம் கழித்து எருசலேமில் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கி, ஆண்டவருடைய சகோதரன் யாக்கோபையும் பார்த்தவன் அவன் (கலா. 1:18, 19). பேதுரு, பன்னிருவர், ஐந்நூறு பேருக்கு மேல், யாக்கோபு, அப்போஸ்தலர் எல்லாரும், கடைசியில் தான் என்று வரிசை சொல்லுகிறான். ஐந்நூறு பேரில் பெரும்பான்மையோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று சேர்த்துக்கொள்ளுகிறான். போய் விசாரித்துக்கொள் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

ஆசையினால் கண்ட மனப்பிரமை என்று சிலர் சொல்லுவார்கள். பேதுருவுக்கு அப்படி ஆசை இருந்திருக்கலாம். யாக்கோபுக்கு என்ன ஆசை? அண்ணன் உயிரோடிருந்தபோதே அவரை விசுவாசியாத தம்பி அவன் (யோவான் 7:5). பவுலுக்கு என்ன ஆசை? வீடு வீடாய்ப் புகுந்து விசுவாசிகளை இழுத்துக்கொண்டு போனவன். இந்த இரண்டு பேரும் திரும்பினதற்கு ஒரு காரணம் வேண்டும். யாக்கோபு கி.பி. 62-ல் எருசலேமில் கல்லெறிந்து கொல்லப்பட்டதை யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். பின்கஸ் லாப்பிட் என்று ஒரு யூத அறிஞர், 1970-களில் இந்தச் சாட்சியங்களை ஆராய்ந்து, இயேசு எழுந்தது நடந்த சம்பவம்தான் என்று எழுதினார். அவர் கிறிஸ்தவராகவில்லை, கடைசி வரை யூதராகவே இருந்தார்.

இது அல்ஜீப்ராக் கணக்கைப் போல நிரூபணம் இல்லை. கேட்கிறவரிடம் அதையும் சொல்லிவிடுங்கள். ஐந்நூறு பேரைப் பற்றிப் பவுலுடைய வார்த்தை மாத்திரமே நமக்கு உண்டு. சீஷர்கள் உயிரைக் கொடுத்தார்களே என்று நாம் சொன்னால், "கொள்கைக்காக உயிரைக் கொடுத்தவங்க எல்லாக் கட்சியிலயும் இருக்காங்களே" என்பார் அவர். அது நியாயம். தாங்கள் கேட்டு நம்பினதற்காக அல்ல, கண்ணால் கண்டோம் என்று சொன்னதற்காக இவர்கள் பாடுபட்டார்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். பன்னிருவரும் எப்படி எப்படி மரித்தார்கள் என்று பிற்காலத்தில் எழுதப்பட்ட கதைகளையெல்லாம் அடுக்கவேண்டாம்.

இன்னும் சில சரக்குகளையும் கடையிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. டூரின் துணி இயேசுவின் அடக்கத் துணி என்று வாட்ஸ்அப்பில் படம் சுற்றுகிறது. 1988-ல் மூன்று பரிசோதனைக் கூடங்கள் கார்பன் முறையில் சோதித்து, அது 1260-க்கும் 1390-க்கும் நடுவில் நெய்யப்பட்டது என்று சொன்னார்கள். அமெரிக்க விண்வெளி விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் யோசுவாவின் நாளைக் கண்டுபிடித்தார்கள் என்பது கட்டுக்கதை. மரித்தவர் எழும்பினார் என்று மேடையில் அறிவிக்கிற ஊழியர்களிடம் டாக்டர் சர்டிபிகேட் கேட்பது அவிசுவாசம் ஆகாது. பத்து குஷ்டரோகிகளையும் ஆசாரியனிடம் போய்க் காட்டச் சொன்னவர் நம் ஆண்டவர். ஒரு பொய்ச் சாட்சியைக் கண்டுபிடித்த மனுஷன், நாம் சொல்லும் மெய்ச் சாட்சியையும் அந்தக் கூடையிலேயே போட்டுவிடுவான்.

பெட்டிக்குள் என்ன இருந்தது?

இப்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவருடைய கேள்விக்கு வருகிறேன்.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. முப்பத்தைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். வேடிக்கை பார்க்கப் போனவர்களும், காப்பாற்ற ஓடினவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல். 2023 அக்டோபர் 17-ல் ரெங்கபாளையத்தில் பத்துப் பேருக்கு மேல். பேப்பரில் பெரிசாய் வராமல், ஒருவர் இருவராய்ப் போனவர்கள் எத்தனையோ பேர். இப்படிப்பட்ட விபத்துகளில் சரீரத்தை அடையாளம் காண மரபணுச் சோதனை வரைக்கும் போகவேண்டியிருக்கிறது.

அப்படிப் புருஷனைப் பறிகொடுத்த ஒரு சகோதரி, வீட்டு ஜெபம் முடிந்து எல்லாரும் போனபின் என்னை நிறுத்திக் கேட்டார்கள். "பிரதர், பெட்டிய மூடித்தான் குடுத்தாங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னே நான் பாக்கல. பாதிக்கு மேல இல்லன்னு சொல்லிக்கிட்டாங்க. எக்காளம் ஊதும்போது அவுகளுக்கு எது பிரதர் எந்திரிக்கும்?"

நாத்திகருடைய கேள்வியைவிட இது கூர்மையான கேள்வி. இதற்கு முன்பும் ஒரு சபை இதைச் சந்தித்திருக்கிறது. கி.பி. 177-ல், இன்றைக்குப் பிரான்ஸ் தேசத்தில் இருக்கிற லியோன் பட்டணத்தில், விசுவாசிகளைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். பிளாந்தினா என்ற அடிமைப்பெண்ணும் அவர்களில் ஒருத்தி. கொன்றதோடு விடவில்லை. சரீரங்களை ஆறு நாள் வெளியில் போட்டுவைத்து, பிறகு எரித்து, சாம்பலைக் கூட்டி ரோன் நதியில் கரைத்துவிட்டார்கள். ஏன் தெரியுமா? இவர்கள் உயிர்த்தெழுதலை நம்பித்தானே பயமில்லாமல் சாகிறார்கள், இப்போது எப்படி எழும்புகிறார்கள் பார்ப்போம் என்பதற்காகவே! மீந்திருந்த சபையார் நடந்ததையெல்லாம் ஆசியாவிலுள்ள சபைகளுக்குக் கடிதமாய் எழுதினார்கள். யூசேபியஸ் தம்முடைய சபைச் சரித்திரத்தில் அதைச் சேர்த்து வைத்திருக்கிறார். ஒரு பிடி சாம்பல்கூட அடக்கம்பண்ணக் கிடைக்காத அந்தச் சபை விசுவாசத்தை விடவில்லை. ஆற்றில் கரைந்ததைத் தேவனால் கூட்டமுடியாது என்று அவர்கள் எண்ணவில்லை.

பவுலும் 35-ம் வசனத்தில் இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொள்ளுகிறான். எப்படிப்பட்ட சரீரத்தோடே வருவார்கள்? அவன் கொடுக்கிற பதில் விதை. நமக்கு இது விளங்கும். மானாவாரிக் கரிசலில் ஐப்பசி மழைக்குக் கம்போ மக்காச்சோளமோ விதைக்கிறோம். பத்து நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தால் போட்ட விதை போட்டபடி இருக்காது, தோல் கிழிந்து, மக்கி, காணாமல் போயிருக்கும். ஆனாலும் கம்பு போட்ட இடத்தில் கம்புதான் வருகிறது. விதைத்தது வேறு, முளைத்தது வேறு, ஆனாலும் அது அதுவே. ஒவ்வொரு விதைக்கும் அதற்கேற்ற சரீரத்தைக் கொடுக்கிறவர் தேவன் என்பதுதான் 38-ம் வசனத்தின் கருத்து.

சரீரம் நதியைப் போன்றது, அதன் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று ஓரிகன் அன்றைக்கே யோசித்தார். இன்றைக்கு விஞ்ஞானமும் அதைச் சொல்லுகிறது. பத்து வயதில் என் கையில் இருந்த தோலும் இரத்தமும் இப்போது இல்லை. ஆனாலும் நான்தான் அந்தப் பையன். அந்தச் சகோதரியின் புருஷன் யார் என்பது மருத்துவமனையில் கொடுத்த பெட்டிக்குள் அடங்கி இருக்கவில்லை. அவரை உண்டாக்கினவருக்கு அவரைத் தெரியும். (விபத்தில் எரிந்ததானாலும், மின் மயானத்தில் எரித்ததானாலும் கணக்கு ஒன்றுதான். "எரிச்சிட்டீங்களே, இனி எப்படி எழும்புவார்" என்று துக்க வீட்டில் போய்ச் சொல்லுகிறவர்கள் இந்த அதிகாரத்தை வாசித்ததில்லை.)

சிவகாசிச் சபைச் சரித்திரத்தில் ராக்லண்டு ஐயர் என்று ஒருவர் உண்டு. கேம்பிரிட்ஜில் கணிதத்தில் உயர்ந்த இடம் பெற்றவர். அந்தப் பதவி சுகத்தை விட்டு, வடதிருநெல்வேலிக் கிராமங்களில் கூடாரம் போட்டு, ஊர் ஊராய் அலைந்து ஊழியம் செய்து, 1858 அக்டோபரில் சிவகாசியில் மரித்தார். ஊழியம் பலன்தர நிச்சயமான வழி என்ன என்று அவர் யோசித்தபோது, யோவான் 12:24-ல் ஆண்டவர் சொன்ன கோதுமை மணியின் வழியைத்தான் பிடித்துக்கொண்டார். அவர் விதைத்து, கண்ணால் அறுப்பைப் பார்க்காமல் போனார். இன்றைக்கு இந்தப் பகுதியில் எத்தனை சபைகள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அந்தச் சகோதரியிடம் நான் இவ்வளவும் சொல்லவில்லை. கரிசல், விதை, லியோன் சபை, இவ்வளவுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, "அப்ப அவுக கையி முழுசா இருக்கும்ல?" என்று கேட்டார்கள். அலுமினியப் பவுடர் ஒட்டி எப்போதும் வெள்ளிப் பூச்சாய் இருந்த கை. நம் ஆண்டவருடைய எழும்பின சரீரத்தில் ஆணிக் காயங்களின் அடையாளம் இருந்தது (யோவான் 20:27), ஆனால் வலி இல்லை, அந்தக் கையால் அவர் அப்பம் பிட்டார் என்றேன். அதற்குமேல் வேதம் சொல்லாததைச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

"ஏன் தடுக்கவில்லை?"

இது அடுத்த கேள்வி. இதில்தான் நம்முடைய ஆட்கள் அதிகமாய்க் காயப்படுத்துகிறார்கள். உபவாசம் குறைந்தது, தசமபாகம் தவறியது, மறைவான பாவம் இருந்திருக்கும் என்கிறார்கள். தேவ பிள்ளைகளே, லூக்கா 13:4-ஐ வாசியுங்கள். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். நம் பாஷையில் சொன்னால் ஒரு கட்டட விபத்து. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று ஆண்டவரே கேட்டு, அப்படியல்ல என்கிறார். அவர் மறுத்ததை நாம் எப்படிச் சொல்லலாம்?

அப்போஸ்தலர் 12-ல் யாக்கோபு பட்டயத்தால் வெட்டுண்டான், பேதுரு தூதனால் விடுதலையானான். ஒரே சபை, ஒரே ராஜா. ஏன் இப்படி என்று லூக்கா ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் ஆண்டவர் கல்லறைப் பக்கத்தில் அழுதார். அப்படியிருக்க, அழுகிற தாயைப் பார்த்து "அழாதீங்க, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று அதட்டுகிறவர்கள் யாரிடத்தில் கற்றுக்கொண்டார்கள்?

எல்லாவற்றையும் பிசாசின் தலையில் போடவும் வேண்டாம். நாலு பேருக்கு அனுமதியுள்ள அறையில் பத்துப் பேர் உட்கார்ந்தால், மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டால், வெயில் ஏறினபின்னும் மருந்து செலுத்தினால், உள்குத்தகைக்கு எடுத்தவர் சீசனுக்கு முன் அவசரப்படுத்தினால் வெடிக்கும். விசுவாசி கையிலும் வெடிக்கும். சரீரம் எழும்பும் என்று நம்புகிறவனுக்கு இந்தச் சரீரம் விலையுள்ளது. போர்மேனிடம் "இந்த ரூம்ல ஆள் கூடுதலா இருக்கு சார்" என்று சொல்லுகிற சகோதரி ஒரு நாள் கூலியை இழக்கக்கூடும். அவர்களுக்காகச் சபை ஜெபிக்கவும் வேண்டும், அந்த வாரத்துக்கு அரிசி கொடுக்கவும் வேண்டும்.

எனக்குப் பழக்கமான ஒரு தொழிற்சங்க அண்ணாச்சி உண்டு, பழைய பகுத்தறிவாளர். ஒரு விபத்து நாளில் ஆஸ்பத்திரித் தீக்காயப் பிரிவு வாசலில் ராத்திரி முழுக்க நின்று, இரத்தம் கொடுக்க ஆள் திரட்டினவர். நம் சபை வாலிபரும் அங்கே நின்றார்கள். விடியற்காலம் டீ குடிக்கும்போது என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, ஒங்க சாமி ஒருத்தர எழுப்புனாருன்னே வச்சுக்கிருவோம். இத்தன பேரு கெடக்காங்களே, இவங்கள ஏன் எழுப்பல?" என்றார். 20-ம் வசனத்தில் பவுல் போடுகிற ஒரு சொல்லை அவருக்குச் சொன்னேன். முதற்பலன். "ஒங்க அப்பா கம்பங்கொல்லை வச்சிருந்தாருல்ல. மொதக் கதிரு வெளஞ்சதும் கொண்டாந்து வீட்டுல கட்டுவாரு. அன்னைக்கு மீதிக் கொல்லை பச்சையாத்தான நிக்கும்? அதுக்காக அறுப்பு இல்லன்னு சொல்லுவாரா?" அவர் டம்ளரை வைத்துவிட்டு, "கொல்லை எனக்குத் தெரியும் அண்ணாச்சி. ஒங்க ஒத்தக் கதிரத்தான் நான் இன்னும் பாக்கல" என்றார். பிறகு இரண்டு பேருமாய் மறுபடி உள்ளே போனோம். இன்றைக்கும் அவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். அவருடைய பேர் சொல்லாமல், அவருக்காக நம் வெள்ளிக்கிழமை ஜெபத்தில் ஜெபிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

அடுத்த இதழில் லூக்கா 24:36 முதல் 43 வரை தியானிப்போம். எழும்பின ஆண்டவர் ஏன் மீன் சாப்பிட்டுக் காட்டினார் என்பது பாடம். இந்தப் பாடத்தில் கேள்வி இருக்கிறவர்கள் ஒரு தாளில் எழுதி, சபை வாசலில் உள்ள பெட்டியில் போடுங்கள். பேர் போடவேண்டிய அவசியமில்லை. விசுவாசிக்காத வீட்டார் கேட்கிற கேள்வியானாலும் அப்படியே எழுதுங்கள், மாற்றவேண்டாம்.